முகப்பு விளக்கும் எதிரே வருபவர் கண்ணும்

ஆண்டிபட்டிக் கணவாயை இரவில் கார் ஓட்டிக் கடந்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். உசிலம்பட்டி தாண்டிச் சாலை மெல்ல மேலேறும்போது இருபுறமும் கரடுகள் நெருங்கி வருகின்றன. வளைவுக்கு அப்பாலிருந்து வரும் வண்டி கண்ணில் படுமுன் அதன் வெளிச்சம் பாறைமேல் ஊர்வது தெரியும். பிறகு வண்டி திரும்பும். அக்கணத்திலிருந்து சில நொடிகளுக்குச் சாலை என்ற ஒன்றே இல்லை. வெள்ளை மட்டுமே இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. 3 நொடிகள் கண் கூசினால் 50 மீட்டர் தூரத்தைப் பார்வையின்றிக் கடக்கிறோம் என்று பொருள். கார்த்திகை, மார்கழி மாதங்களில் குமுளி வழியாகச் சபரிமலைக்குச் செல்லும் வண்டிகள் இச்சாலையில் இரவெல்லாம் வரிசை கட்டும். அந்த வரிசைக்கும் சாலையோரத்து முட்செடிக்கும் இடையே நடந்து செல்லும் பக்தர்களும் இருப்பார்கள்.

நாற்பது வயதைக் கடந்தபின் எனக்கு இரவில் கார் ஓட்டுவது கடினமாகிவிட்டது. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை சற்றே மங்கி, உள்ளே நுழையும் ஒளியைச் சிதறடிக்கிறது. கண்மணியும் இருட்டில் முன்போல் விரிவதில்லை. ஆகவே நமக்கு வெளிச்சம் அதிகம் வேண்டியிருக்கிறது. எதிரிலிருந்து வரும் வெளிச்சமோ முன்னைவிடக் கூடுதலாக வருத்துகிறது. என்னிடம் இருப்பது பழைய மாருதி 800. புதிய கார்களின் விளக்குகளுக்கு முன்னால் அதன் விளக்குகள் அகல் போலத் தோன்றும். தேனியில் ஒரு கடைக்குச் சென்று, இருந்த பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்புகளைப் பொருத்திக்கொண்டேன். 'பகல் மாதிரி இருக்கும் சார்' என்றார் கடைக்காரர்.

அவர் பொய் சொல்லவில்லை. சில நாள் கழித்து மதுரையிலிருந்து திரும்பிய இரவில், கணவாய்ச் சாலையோரத்துக் கள்ளியின் முள்ளை எண்ணிவிடலாம் போலிருந்தது. எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் இருமுறை விளக்கை அடித்துக் காட்டினார். நான் டிம்மில்தானே வருகிறேன், இவருக்கு என்ன வந்தது என்று எண்ணிக்கொண்டேன். அடுத்து வந்தது ஒரு டி.வி.எஸ். மொபெட். முன்னால் பூ மூட்டை, பின்னால் ஒரு பெண். வண்டி தள்ளாடியது, தார்ச்சாலையின் விளிம்பை விட்டு இறங்கியது, மண்ணில் சறுக்கிச் சாய்ந்தது.

காரை நிறுத்திவிட்டு ஓடினேன். நல்லவேளையாகப் பெரிய காயம் எதுவுமில்லை. அந்த அம்மாவுக்கு முழங்கை சிராய்த்திருந்தது. மூட்டை அவிழ்ந்து மல்லிகை மொட்டுகள் மண்ணில் கிடந்தன. என் கார் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்ததால், அவர் கையைக் கண்ணுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டுதான் என்னைப் பார்த்தார். 'உங்களுக்கு வெளிச்சம் வேணுங்கிறதுக்காக எங்க கண்ண அவிச்சுப் போடுவீங்களாய்யா?' என்றார். சிந்திய பூவுக்கு நான் கொடுத்த பணத்தை அவருடைய கணவர் வாங்க மறுத்தார். அந்த அம்மா வாங்கிக்கொண்டார்.

அந்தக் கேள்விதான் என்னை முகப்பு விளக்கின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. தமிழ் இலக்கியம் பயின்றவன் பல்பைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். படித்து முடித்தபோது ஒன்று விளங்கியது. இது, நான் நினைத்திருந்ததுபோல, வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போன வரலாறு அன்று. வெளிச்சத்தைக் கூட்டும் வேலை விரைவிலேயே முடிந்துவிட்டது. கூட்டிய வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் விழாமல் தடுப்பதற்கே நூறாண்டு உழைப்பு தேவைப்பட்டிருக்கிறது.

*

விளக்குகளில் இருவகை உண்டு. தன்னைப் பிறருக்குக் காட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்று. பிறவற்றை நமக்குக் காட்டும் விளக்கு மற்றொன்று. பெரும்பாணாற்றுப்படையில் வரும் கடற்கரைக் கலங்கரை விளக்கம் முதல் வகை. அது கடலைக் காட்டுவதற்காக எரியவில்லை. கரை இங்கே இருக்கிறது என்று கலங்களுக்குச் சொல்வதற்காக எரிந்தது. மாட்டுவண்டியின் லாந்தரும் அவ்வினமே. எங்கள் பக்கத்திலிருந்து தேனிச் சந்தைக்குப் பருத்திப் பொதியேற்றிச் சென்ற வண்டிகளில் லாந்தர் விளக்கை வண்டிக்கு அடியில், அச்சுக்கருகே தொங்கவிட்டிருப்பார்கள். அதன் வெளிச்சத்தில் வண்டிக்காரர் எதையும் பார்த்ததில்லை. வழி மாடுகளுக்குத் தெரியும். பாதி வழிக்கு அவர் தூங்கிக்கொண்டுதான் வருவார். வண்டி ஒன்று போகிறது என்று பிறர் அறிய வேண்டும், அவ்வளவே. சைக்கிளில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் பிடித்து நிறுத்திய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். டைனமோவை டயரோடு சாய்த்துவிட்டு மிதிக்கும்போது எழும் உறுமலும், மிதிப்பதை நிறுத்தினால் அணைந்துபோகும் அந்த மஞ்சள் ஒளியும்கூட 'நான் வருகிறேன்' என்ற அறிவிப்புத்தான்.

மாட்டின் கண்ணை நம்பிச் செல்லும் வண்டிக்கு இது போதும். மாடில்லாமல் ஓடும் வண்டிக்குப் போதாது. தொடக்க காலக் கார்களில் குதிரைவண்டியின் எண்ணெய் விளக்குகளையே மாட்டினார்கள். காற்றில் அணைந்தன; அணையாதபோதும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை.

இதற்குத் தீர்வு கார்பைடு கல்லிலிருந்து வந்தது. 1892ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினாவில் தாமஸ் வில்சன் என்பவர் அலுமினியம் தயாரிக்கும் முயற்சியில் மின்னுலையை எரித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கிடைத்தது கால்சியம் கார்பைடு. அதன்மேல் நீர் சொட்டினால் அசிட்டிலின் வாயு வெளிப்படும்; பற்றவைத்தால் கூசும் வெள்ளைச் சுடர் எரியும். பெரியகுளம் பக்கம் மாங்காயைப் பழுக்கவைப்பதாக அவ்வப்போது அதிகாரிகள் கைப்பற்றும் கல் இதுவேதான். ஒரு நூற்றாண்டுக்கு முன் உலகின் கார்கள் இரவில் வழிகண்டது இக்கல்லால் என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. காரின் பக்கவாட்டில் இரண்டறை கொண்ட ஒரு கலன் இருக்கும். மேலறையில் நீர், கீழறையில் கல். சொட்டும் நீரின் அளவைத் திருகிக் கூட்டினால் சுடர் வளரும். அங்கிருந்து ரப்பர்க் குழாய் வழியே வாயு முன்விளக்குக்குச் செல்லும். ஒவ்வொரு மாலையும் ஓட்டுநர் இறங்கி, கண்ணாடியைத் திறந்து, தீக்குச்சி கிழித்து விளக்கேற்ற வேண்டும். பயணம் முடிந்தபின் சுண்ணாம்புச் சேற்றைக் கழுவிக் கொட்ட வேண்டும். நாற்றம் வேறு. ஆயினும் காற்றுக்கும் மழைக்கும் அணையாத முதல் கார் விளக்கு அதுதான்.

மின்விளக்கு 1898இலேயே அமெரிக்காவின் கொலம்பியா மின்காரில் தோன்றிவிட்டது. ஆனால் அக்கால இழைகள் சாலையின் அதிர்ச்சியில் சீக்கிரமே அறுந்தன. வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டனைக் கம்பியாக இழுக்கக் கற்றதும், 1912ஆம் ஆண்டின் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் மின்கலமும் ஜெனரேட்டரும் தானியங்கு ஸ்டார்ட்டரும் கொண்ட முழுமையான மின்னமைப்பைப் பொருத்தியதும் கார்பைடின் காலம் முடியத் தொடங்கியது. 1913இல் இர்விங் லாங்மியூர் பல்புக்குள் மந்த வாயுவை நிரப்பி வெளிச்சத்தை மேலும் கூட்டினார். ஆக, முதல் உலகப்போர் தொடங்குமுன்னரே தொலைவில் ஒளிவீசும் வித்தை கைகூடிவிட்டது. பரவளைய வடிவிலான பிரதிபலிப்பான், அதன் குவியத்தில் ஒரு சுடர்ந்த இழை. கலங்கரை விளக்கின் தத்துவமே காரின் மூக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இனிமேல்தான் சிக்கல்.

*

சாலையில் ஒரே ஒரு கார் ஓடும்வரை கூசொளி என்பது பிரச்சினையே அன்று. இரண்டாவது கார் எதிரே வந்த நாளில்தான் விளக்கின் உண்மையான வரலாறு தொடங்குகிறது. முதலில் செய்து பார்த்தவை எல்லாம் வேடிக்கையானவை. 1915வாக்கில் அமெரிக்காவில் வந்த ஓர் ஏற்பாட்டின்படி, ஓட்டுநர் காரை நிறுத்தி இறங்கிச் சென்று விளக்கையே கையால் கீழே சாய்க்க வேண்டும். 1917இல் காடிலாக் நிறுவனம் அதற்கு உள்ளிருந்தே இயக்கும் நெம்புகோலை வைத்தது. 1930களின் பிரிட்டிஷ் கார்களில் இன்னொரு முறை இருந்தது. பொத்தானை அழுத்தினால் நடுச்சாலைப் பக்கத்து விளக்கு அணையும். ஓரத்து விளக்கின் பிரதிபலிப்பான் கீழ்நோக்கிச் சாயும். ஒற்றைக் கண்ணோடு எதிரே வருவது காரா, மோட்டார் சைக்கிளா என்று தெரியாமல் மற்றவர் தடுமாறியிருப்பார்கள்.

இவற்றுக்கெல்லாம் முடிவு கட்டியது மிகச் சிறிய ஒரு பொருள். 1924, 1925ஆம் ஆண்டுகளில் இரண்டு இழைகள் கொண்ட பல்புகள் சந்தைக்கு வந்தன. அவற்றுள் ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனம் 'பைலக்ஸ்' என்ற பெயரில் கொண்டுவந்த பல்புக்குள் நகக்கண் அளவில் ஓர் உலோகக் கிண்ணம் இருந்தது. நெடுந்தூர வெளிச்சத்துக்கான இழை பிரதிபலிப்பானின் குவியத்தில் இருக்கும். டிம் இழை அதற்குச் சற்று முன்னால், இக்கிண்ணத்தின் மேல் கிடக்கும். கீழ்நோக்கிச் செல்லும் ஒளியைக் கிண்ணம் மறித்துவிடுகிறது. ஆகவே டிம்மில் பிரதிபலிப்பானின் மேற்பாதி மட்டுமே ஒளி பெறுகிறது. இழை குவியத்துக்கு முன்னால் இருப்பதால் அங்கே பட்டுத் திரும்பும் ஒளி முழுவதும் தரையை நோக்கிச் சாய்கிறது. சுவர் ஒன்றின் முன் காரை நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். கோடு கிழித்தாற்போல் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. அந்த இருட்டு தானாக வந்ததன்று. யாரோ கணக்கிட்டுச் செய்தது. எதிரே வருபவரின் கண் இருக்கும் இடம் அது.

1957இல் ஐரோப்பியர் அக்கிண்ணத்தின் ஒரு பக்க விளிம்பை 15 பாகை வெட்டினார்கள். அதனால் சாலையோரப் பக்கம் மட்டும் வெளிச்சக் கோடு மேலேறியது. நடந்து செல்பவர், மைல்கல், வளைவு எல்லாம் கூடுதல் தொலைவுக்குத் தெரிந்தன. எதிர்ப்பக்கம் இருட்டாகவே இருந்தது. இடப்புறம் செல்லும் நம் நாட்டில் இக்கோடு இடப்புறம் ஏற வேண்டும். வலப்புறம் செல்லும் நாட்டுக்குச் செய்த விளக்கை இங்கே மாட்டினால், மேலேறும் அந்த ஒளி நேரே எதிராளியின் முகத்தில்தான் விழும். மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குபவர் பலருக்கு இது தெரிவதில்லை.

பிரெஞ்சுக்காரர் வேறு வழி தேடினார்கள். 1936இல் சட்டம் இயற்றி, எல்லாக் கார்களும் மஞ்சள் விளக்கே வைக்க வேண்டும் என்றார்கள். நீல ஒளி கண்ணுக்குள் அதிகம் சிதறிக் கூசவைக்கிறது, அதை வடிகட்டிவிட்டால் கூச்சம் குறையும் என்பது அவர்கள் வாதம். 1993 வரை பிரான்சில் புதுக்கார்கள் மஞ்சள் விளக்கோடுதான் விற்கப்பட்டன. கம்பம், போடிப் பகுதிகளிலிருந்து விடியுமுன் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் மஞ்சள் தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் ஒளி பனிமூட்டத்தைத் துளைக்கும் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். பனித்துளிகள் ஒளியலையைவிட மிகப் பெரியவை, எந்த நிறமானாலும் அவை ஒன்றுபோலவே சிதறடிக்கும் என்கிறது இயற்பியல். ஆனால் கண் கூசுவது குறைகிறது என்பது உண்மையாக இருக்கலாம். போடிமெட்டு வளைவுகளில் நாள்தோறும் ஏறியிறங்குபவர்களோடு நான் வாதிடத் தயாராக இல்லை.

*

நம் நாட்டில் மோட்டார் வண்டிகளுக்கான முதல் அனைத்திந்தியச் சட்டம் 1914இல் வந்தது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியிருந்தார். மதுரையை மையமாகக் கொண்டு வளர்ந்த அவருடைய நிறுவனம் பிற்காலத்தில் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, 1961இல் சென்னையில் லூகாஸ்-டி.வி.எஸ். என்ற பெயரில் வண்டிகளுக்கான மின்கருவித் தொழிலை நிறுவியது. ஜோசப் லூகாஸ் பர்மிங்காமில் தொழிலை வளர்த்தது சைக்கிள் விளக்குகளால். 'சாலையின் அரசன்' என்று அவர் தம் விளக்குக்குப் பெயரிட்டிருந்தார். பழைய பிரிட்டிஷ் கார்களின் விளக்குகள் நடுவழியில் அணைந்துபோனபோது அந்நாட்டுக் கார்ப் பிரியர்கள் அவரையே 'இருளின் இளவரசன்' என்று கேலி செய்தார்கள்.

இருள் என்றதும் போர்க்காலம் நினைவுக்கு வருகிறது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் சென்னை நகரம் பாதி காலியானது. இருட்டடிப்பு என்ற சொல் அன்று தெருவிளக்கையும் கார் விளக்கையும் மூடிவைப்பதைக் குறித்தது. இன்று நாம் அதைச் செய்திகளை மறைப்பதற்குப் பயன்படுத்துகிறோம். பிரிட்டனில் போர் தொடங்கியதுமே கார் விளக்குகளுக்கு முகமூடி மாட்டினார்கள். கீற்றாகச் சிறிது ஒளி மட்டுமே வெளிவரும். பெட்ரோல் பங்கீட்டினால் ஓடிய வண்டிகள் குறைந்தும், 1941இல் அந்நாட்டில் சாலை விபத்துகளில் 9,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்நாட்டின் வரலாற்றில் அதுவே உச்சம். ஆகவே கூசொளிக்கு மாற்று இருட்டு அன்று. விளக்கைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுகிறவர்கள் இந்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

என் சிறுவயதில் பேருந்து, லாரிகளின் முகப்பு விளக்குக் கண்ணாடியில் மேற்பாதிக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். அரைக்கண் மூடிய யானை போல வண்டி தோன்றும். எதிரே வருபவருக்குக் கூசாதிருக்கவே இந்தப் பூச்சு. கிண்ணம் வைத்த பல்பைப் பற்றி அறிந்தபின் இதை எண்ணிச் சிரித்தேன். அத்தகைய பல்பு உள்ள விளக்கில் டிம் வெளிச்சம் வருவதே மேற்பாதி வழியாகத்தான். அதில் கறுப்புப் பூசினால் மறைவது கூசாத வெளிச்சம்; கூசவைக்கும் நெடுந்தூர வெளிச்சமோ கீழ்ப்பாதி வழியே தாராளமாக வரும். பிறகு டிம் போதாமல் ஓட்டுநர் பிரைட்டிலேயே ஓட்டினால் யாரைக் குறைசொல்வது? இப்போதும் போலீசார் வண்டிகளை நிறுத்தி விளக்கின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் செய்தி படத்தோடு நாளிதழ்களில் வருகிறது. இழையிலிருந்து நேரே முன்னால் வரும் ஒளியை அது மறைக்கும். அந்த வேலையைச் செய்வதற்காகவே முறையான பல்பின் நுனியில் கறுப்புப் பூச்சு ஏற்கெனவே இருக்கிறது. முறையற்ற பல்பு சிதறும் ஒளியையோ இந்த ஒரு பொட்டு தடுக்காது. குழந்தைக்கு வைக்கும் திருஷ்டிப் பொட்டின் பயன் இதற்கும் உண்டு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இந்தப் பொட்டைவிடச் சட்டப் புத்தகம் தெளிவாக இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதியைப் படித்தபோது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது. வெளிச்சம் இத்தனை வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அது தொடங்கவில்லை. ஒரு மனிதரை நிறுத்துகிறது. விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தொலைவில், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருக்குமானால், அந்தக் கண் கூசாதபடி ஒளி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் என்பது நின்றுகொண்டிருக்கும் நடுத்தர உயர மனிதரின் கண். அந்த இடத்தில் மொபெட்டின் பின்னிருக்கையில் அமர்ந்திருந்த அம்மாவை வைத்துப் பார்த்தேன்.

*

மாருதி 800 கார் 1983 டிசம்பர் 14 அன்று முதன்முதலாக வாடிக்கையாளர் கைக்கு வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் சிறு வியாபாரிகளும் கார் என்ற ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டது இந்த வண்டியால்தான். இரவில் தாமே கார் ஓட்டிச் செல்லும் நடுத்தர வர்க்கம் ஒன்று தோன்றியதும் அப்போதுதான். அதற்குமுன் இரவுச்சாலை தொழில்முறை ஓட்டுநர்களுடையது. எதிரே வண்டி கண்டதும் டிம் அடிப்பது அவர்களிடையே எழுதாத ஒழுக்கமாக இருந்தது. பதிலுக்கு டிம் அடிக்காதவனை அவர்கள் திட்டும் சொற்களை இங்கே எழுத இயலாது. நாங்கள் அந்த ஒழுக்கத்தைக் கற்காமலேயே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டோம்.

என் வண்டியில் இருப்பது எச்4 என்ற வகை ஹாலோஜன் பல்பு. டங்ஸ்டன் இழை எரியும்போது துகளாக ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து கறுக்கும்; பழைய பல்புகள் நாளடைவில் மங்கியது இதனால்தான். 1950களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் எல்மர் ஃபிரிட்ரிச்சும் எம்மெட் வைலியும் பல்புக்குள் சிறிது அயோடினைச் சேர்த்தார்கள். ஆவியான டங்ஸ்டனை அது பிடித்து மீண்டும் இழைக்கே கொண்டு சேர்த்தது. கண்ணாடி கறுக்கவில்லை, இழையை மேலும் வெப்பமாக எரிக்க முடிந்தது. 1962இல் ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் இதைக் காருக்குக் கொண்டுவந்தனர். 1971இல் வந்த எச்4 பல்பில் இரண்டு ஹாலோஜன் இழைகளும் பைலக்ஸின் அதே பழைய கிண்ணமும் இருந்தன. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. இந்தப் பல்பைக் கையால் தொட்டு மாட்டாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறிக் குவார்ட்ஸ் விரிசல் காணும். துணியால் பிடித்து மாட்ட வேண்டும்.

எல்.இ.டி.க்கு முன்பே ஒருமுறை நான் 100/90 வாட் பல்பு மாட்டிப் பார்த்தவன். 12 வோல்ட் மின்னமைப்பில் 60 வாட் பல்புகள் இரண்டும் 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்புகளுக்கு ஏறத்தாழ 17 ஆம்பியர் வேண்டும். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியாக ஏறுவதால் அது முன்னிருந்ததைப்போல் இரண்டே முக்கால் மடங்காகிறது. ஒரே மாதத்தில் ஹோல்டர் உருகி, காருக்குள் கருகல் வாடை வந்தது. கிடைத்த வெளிச்சமும் எண்ணிய அளவு இல்லை. தெரியும் தூரத்தை இரட்டிக்க வேண்டுமானால் ஒளியை நான்கு மடங்காக்க வேண்டும் என்ற கணக்கு அப்போது எனக்குத் தெரியாது.

1991இல் பி.எம்.டபிள்யூ. கார்களில் சீனான் விளக்கு வந்தது. அதன் பின்னே நீல ஒளியுமிழ் டையோடு. ஜப்பானில் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரின் உழைப்பில் விளைந்த அதற்கு 2014இல் நோபெல் பரிசு கிடைத்தது. 2007இல் லெக்சஸ் கார் ஒன்றில் எல்.இ.டி. டிம் விளக்கு வந்தபோது அதற்கெனவே வில்லையும் பிரதிபலிப்பானும் புதிதாக வடிவமைக்கப்பட்டன. கடையில் விற்கும் மாற்று பல்பில் இல்லாதது இதுதான். எச்4 பல்பின் இழை கொலுசின் சுருள்கம்பி போன்றது, எல்லாப் பக்கமும் ஒளிவீசும். அது இருக்க வேண்டிய இடத்தை மில்லிமீட்டரின் பின்னங்களில் நிர்ணயித்து அதற்கேற்பப் பிரதிபலிப்பானை வளைத்திருக்கிறார்கள். எல்.இ.டி. மாற்றுப் பல்பிலோ ஒரு தகட்டின் இருபுறமும் ஒட்டிய சில்லுகள். அவை அந்த இடத்தில் துல்லியமாக அமையாவிட்டால் கோடு கலைந்துபோகிறது. இருட்டாக இருக்க வேண்டிய மேற்பகுதியில் ஒளி வழிகிறது. என் காலடியில் சாலை பளிச்சென்று தெரிந்ததால் நான் மகிழ்ந்தேன். என் காரின் முன்னால் நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருபோதும் இல்லை.

இவ்வகைப் பல்புகளை அடியோடு பழிக்கவும் முடியாது. ஜெர்மனியில் 2020 முதல் சில எல்.இ.டி. மாற்றுப் பல்புகளை அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் பல்புக்கு மட்டும் அனுமதி இல்லை. இந்தக் காரின் இந்த விளக்கில் இந்தப் பல்பு என்று சோதித்து, அப்படிச் சோதித்த கார்களுக்கு மட்டுமே அனுமதி. பல்பும் பிரதிபலிப்பானும் சேர்ந்ததே விளக்கு என்ற எளிய உண்மையை அங்கே சட்டமாக்கியிருக்கிறார்கள்.

*

கணவாயில் நடந்ததற்கு மறுநாள் ஆண்டிபட்டியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் சென்றேன். அறுபது வயதிருக்கும். டிராக்டர் ஒன்றின் கீழிருந்து எழுந்து வந்து, எல்.இ.டி. பல்புகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்தார். 'இதுக்கு மேல வெளிச்சம் வேணும்னா என்னண்ணே செய்றது?' என்றேன். 'பல்புக்கு என்ன சார் குறை? கரண்டு போய்ச் சேரல' என்றார்.

மீட்டரை வைத்துக் காட்டினார். பேட்டரியில் இருந்த வோல்ட் பல்பின் முனையில் இல்லை. பழைய காரில் மின்சாரம் மெல்லிய கம்பியின் வழியே ஸ்டியரிங்கின் கீழுள்ள சுவிட்சுக்குச் சென்று, பிறகே விளக்குக்கு வருகிறது, வழியெல்லாம் இழப்பு. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இரண்டு ரிலேக்களை வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த கம்பி இழுத்து, இடையில் ஃப்யூஸ் கொடுத்து, சட்டைக்கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். மஞ்சளித்துப்போன டூமைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். பல்பு அதே 60/55தான். சுவர்மேல் விழுந்த ஒளியைப் பார்த்தேன். இத்தனை நாள் நான் பார்க்காத விளக்கு அது.

நான் 106ஆவது விதியைச் சொன்னேன். அவருக்கு எண் தெரியவில்லை, செய்முறை தெரிந்திருந்தது. இருட்டியபின் காரைக் கடைக்கு எதிரே நிறுத்தச் சொல்லி, முன்னால் டேப்பை இழுத்து 8 மீட்டர் அளந்து, வலப்பக்கம் தள்ளிக் கடைப்பையனை நிற்கவைத்தார். பையன் உயரமானவன், கொஞ்சம் குனியச் சொன்னார். என்னை உள்ளே உட்காரச் சொல்லி டிம் போடச் சொன்னார். விளக்கின் பின்னாலிருந்த திருகை அரைச்சுற்று திருப்பினார்.

'கூசுதாடா?'

'லேசா இருக்குண்ணே.'

இன்னும் ஒரு கால் சுற்று.

'இப்ப?'

'இல்லண்ணே. உங்க மூஞ்சி தெரியுது.'